அக்கி வராமல் தடுக்க: ஊசியா, மாத்திரையா, காத்திருப்பா?

"அம்மாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு. அக்கி ஊசி போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். ரெண்டு ஊசிக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல ஆகும்னு சொல்றாங்க. போடத்தான் வேணுமா?" 2023 ஏப்ரலில் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி இந்தியாவில் விற்பனைக்கு வந்ததிலிருந்து பல வீடுகளில் இந்தக் கேள்வி ஓடுகிறது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்காது. கைக்காசுதான் போட வேண்டும். அதனால் போடுவதா வேண்டாமா என்பதை அவரவர் வீட்டிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

## முதலில், எந்த அக்கி?

நம் ஊரில் அக்கி என்ற ஒரே சொல்லுக்குள் பல தொல்லைகள் அடங்கிவிடுகின்றன. உதட்டோரம் அடிக்கடி வரும் கொப்புளமும் அக்கி, இரவில் பூச்சி நசுங்கி அதன் நீர் பட்டுத் தோல் வெந்துபோனாலும் அக்கி. இங்கே பேசப்போவது சின்னம்மை வைரஸால் வரும் அக்கியை மட்டும். வேப்பிலையை எடுத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மை போய்விட்டதாக நினைக்கிறோம். வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வயதாலோ, நோயாலோ, மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஏதோ ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வரும். அதனால்தான் கொப்புளங்கள் உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டையாக வருகின்றன.

ஆக, அக்கி வந்தவரிடமிருந்து அக்கி தொற்றாது. அவருடைய தட்டு, டம்ளரைத் தனியே வைப்பதால் உங்களுக்கு அக்கி வருவது தடைபடப் போவதில்லை. ஆனால் கொப்புள நீர் பட்டால், அதுவரை சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். புண் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வைப்பதும், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தள்ளி வைப்பதும் அவர்களுடைய பாதுகாப்புக்காக.

## எதை வைத்து எடை போடுவது?

வயதும் எதிர்ப்புச் சக்தியும் முதலில் வருகின்றன. அமெரிக்கக் கணக்குப்படி மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது அக்கி வருகிறது. 60 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டோஃபாசிட்டினிப் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை எடுப்பவர்கள், கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த வயதுக் கணக்கு பொருந்தாது. 35 வயதிலேயே வரலாம். சர்க்கரை நோயும் ஆபத்தை ஓரளவு கூட்டும், ஆனால் மேற்சொன்ன மருந்துகள் அளவுக்கு அல்ல.

அடுத்தது பின்வலி. கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் எப்படியும் ஆறிவிடும். அது ஆறிய பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நரம்புவலிதான் ஆளை வாட்டும். அக்கி வந்தவர்களில் 100க்கு 10 முதல் 18 பேருக்கு இது தங்கிவிடுகிறது. வயது ஏற ஏற இந்தப் பங்கும் கூடும். சட்டைத் துணி உரசினாலும், மின்விசிறிக் காற்று பட்டாலும் எரியும். கேபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று மாத்திரை ஓடும். அவை தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும். 75 வயதுக்காரர் இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அதுவும் அக்கிச் செலவில்தான் சேரும்.

இவற்றோடு, எத்தனை ஆண்டு காக்கும், பக்கவிளைவு என்ன, விலைச்சீட்டில் வராத செலவு எது என்பவற்றையும் ஒவ்வொரு வழிக்கும் பார்க்கலாம்.

## வழி 1: ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி

இதில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் 50 மைக்ரோகிராம் இருக்கும். அதோடு எதிர்ப்பைத் தட்டி எழுப்பும் ஒரு துணைப்பொருள் சேரும். 0.5 மில்லிலிட்டர் வீதம் தோள்பட்டைத் தசையில் இரண்டு டோஸ். இடைவெளி 2 முதல் 6 மாதம். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 1 முதல் 2 மாத இடைவெளியிலேயே இரண்டாவதைப் போடலாம்.

பலன் பெரிது. 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த முதல் பெரிய சோதனையில் 97 விழுக்காடு அக்கி தடுக்கப்பட்டது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும் 90 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 11ஆவது ஆண்டிலும் 80 விழுக்காட்டை ஒட்டிய பாதுகாப்பு நிற்கிறது. அந்தச் சோதனைகளுக்கு வெளியே, அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களின் காப்பீட்டுப் பதிவுகளை அலசியபோது இரண்டு டோஸுக்கு 70 விழுக்காடும் ஒரு டோஸுக்கு 57 விழுக்காடும் கிடைத்தன. விளம்பரத்தில் வருவது 97தான். முடிவெடுக்க 97, 70 இரண்டையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி செலவு. ஒரு டோஸ் 10,000 ரூபாய்க்கு மேல். ஆளுக்கு இருபதாயிரத்துக்கும் மேல், கணவன் மனைவி இருவருக்கும் நாற்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், தடுப்பூசிக்குத் தராது. விலைச்சீட்டில் வராத செலவு, ஊசிக்குப் பிந்தைய இரண்டு நாள். கை வலி ஐந்தில் நான்கு பேருக்கு வரும். உடல்வலியும் சோர்வும் பாதிப் பேருக்கு வரும், காய்ச்சல் ஐந்தில் ஒருவருக்கு. ஆறில் ஒருவர் அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்குப் படுத்துவிடுகிறார். ஒன்றிலிருந்து மூன்று நாளில் எல்லாம் சரியாகிவிடும். இது தெரியாமல், முதல் ஊசியில் காய்ச்சல் வந்ததும் "உடம்புக்கு ஒத்துக்கல" என்று இரண்டாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம் நட்டப்படுகிறார்கள். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, அரைகுறைப் பாதுகாப்போடு நின்றுவிடுகிறார்கள்.

அரிய ஆபத்து ஒன்று உண்டு. கை கால் தளர்ந்து போகும் கிலன் பாரே நோய், 65 வயதைக் கடந்தவர்களில் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் மூன்று பேருக்குக் கூடுதலாக வரலாம் என்று மதிப்பிட்டு, 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது. முன்பு இந்த நோய் வந்தவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போட வேண்டாம்.

பணத்துக்குத் தகுமா? கையால் போட்டுப் பார்க்கலாம். 60 வயதைக் கடந்த 100 பேர், பத்து ஆண்டுகள். ஊசி இல்லாவிட்டால் சுமார் 10 பேருக்கு அக்கி வரும், அதில் ஒன்றிரண்டு பேருக்குப் பின்வலி தங்கும். நூறு பேருக்கும் ஊசி போட ஆகும் செலவு குறைந்தது 20 லட்சம். தடுக்கப்படுவது ஏழிலிருந்து ஒன்பது அக்கி. அதாவது ஓர் அக்கியைத் தடுக்க இரண்டே கால் முதல் மூன்று லட்சம் வரை. மலிவு என்று சொல்ல முடியாது. 90 பேருக்கு ஊசி போடாமலே அந்தப் பத்தாண்டில் ஒன்றும் வந்திருக்காது. ஆனால் அந்தப் பத்துப் பேரில் நாம் ஒருவரா என்று முன்கூட்டித் தெரியாது. எல்லாருக்கும் சமமாக இந்த ஊசியைப் பரிந்துரைப்பது சரியல்ல, ஆபத்து கூடியவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

## வழி 2: உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ் ஊசி

2006இல் அமெரிக்காவில் வந்த ஸோஸ்டாவாக்ஸ் இந்த வகை. ஒரே டோஸ், காய்ச்சல் குறைவு. ஆனால் பாதுகாப்பு மொத்தத்தில் பாதிதான். 70 வயதைக் கடந்தவர்களுக்கு 38 விழுக்காடு, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு கரையும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு, அதாவது மிக அதிகம் தேவைப்படுபவர்களுக்கு, இதைப் போடவே கூடாது. 2020 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனை நிறுத்தப்பட்டது. இரண்டும் கிடைக்கிற இடத்தில் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை.

வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருந்தபோது இந்தப் பழைய ஊசியைப் போட்டுக்கொண்ட பெற்றோர் உண்டு. அவர்களும் எட்டு வார இடைவெளிக்குப் பிறகு ஷிங்ரிக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

இடைச்செருகலாக ஒன்று. 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் வேல்ஸில் இந்தப் பழைய ஊசியைப் போட்டார்கள். அந்தத் தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிறந்தவர்களை ஏழு ஆண்டு ஒப்பிட்டபோது, ஊசி போட்டவர்களிடம் மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது என்று 2025இல் முடிவு வெளியானது. சுவையான செய்திதான். ஆனால் மறதிநோயைத் தடுப்பதற்காக என்று இருபதாயிரத்தை எடுத்து வைக்காதீர்கள். அக்கிக்காகப் போடுங்கள், மற்றது கிடைத்தால் கொசுறு.

## வழி 3: சின்னம்மைத் தடுப்பூசி

அக்கி ஊசிக்குப் பதில் இதை மலிவாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே அம்மை வந்த பெரியவருக்கு இது அக்கி ஊசிக்கு மாற்றாகாது. இதில் உள்ள வைரஸ் அளவு அதற்குப் போதாது.

இது பொருந்துவது குழந்தைகளுக்கும், அம்மையே வராத பெரியவர்களுக்கும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்ததில், ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சிறு வயதில் அக்கி வருவது 78 விழுக்காடு குறைந்திருந்தது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் 15ஆம் மாதத்தில் முதல் டோஸ் போடுகிறார்கள். இதுவும் அரசுப் பட்டியலில் இல்லை. பெரியவர்களுக்கு 4 முதல் 8 வார இடைவெளியில் இரண்டு டோஸ். வெப்ப நாடுகளில் அம்மை தாமதமாகவே வருவதால், வராமலே முப்பதைத் தாண்டியவர்கள் இங்கே அதிகம். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் கூடாது.

## வழி 4: தினசரி வைரஸ் எதிர்ப்பு மாத்திரை

எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கும், மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு போர்டெசோமிப் என்ற மருந்து எடுப்பவர்களுக்கும் அசைக்ளோவிர் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்து அக்கியைத் தடுப்பது வழக்கமான முறை. மாத்திரை ஓடும்வரைதான் பாதுகாப்பு, நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண 60 வயதுக்காரர் "ஊசிக்குப் பதில் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கிறேன்" என்று தானாகத் தொடங்குகிற வேலை இல்லை.

## வழி 5: ஊசி இல்லாமல், 72 மணி நேரத்துக்குத் தயாராக இருப்பது

பணம் இல்லை, அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று தீர்மானித்தால், வெறுமனே விட்டுவிடாமல் இதைச் செய்யலாம். அக்கி வருவதை இது தடுக்காது. வந்ததைச் சுருக்கும்.

தோலில் ஒன்றும் தெரிவதற்குச் சில நாள் முன்பே ஒரே பக்கத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கும். மார்பில் வந்தால் மாரடைப்போ என்று பயம், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல்லோ என்று ஸ்கேன். பிறகு சிவந்த திட்டின் மேல் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் எழும்பும். கொப்புளம் தெரிந்த நேரத்திலிருந்து 72 மணிக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் என்றால் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள்: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. மொத்தம் 35 மாத்திரை. வலசைக்ளோவிர் என்றால் 1,000 மில்லிகிராம், 3 வேளை, 7 நாள். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியவர்களுக்கு, அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, அளவைக் குறைக்க வேண்டும். அதனால் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், மருந்துக்கடையில் "அக்கிக்கு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதில். 200 மில்லிகிராம் மாத்திரை ஐந்து வேளை என்பது வேறு வைரஸால் வரும் உதட்டுக் கொப்புளத்துக்கான அளவு. இந்த அக்கிக்கு அது போதாது. மேலே தடவும் அசைக்ளோவிர் களிம்பும் இதற்கு உதவாது.

இன்னொரு தாமதம் அக்கி எழுதுவது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து உடம்பில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. எழுதினால் ஆறுகிறது என்பது பொய்யல்ல. எழுதாவிட்டாலும் அதே இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறியிருக்கும். "இன்னும் ரெண்டு தடவை எழுதிப் பார்ப்போம்" என்று மூன்று நாள் கடப்பதுதான் இதன் உண்மையான விலை. மனத் திருப்திக்கு எழுதத்தான் வேண்டும் என்றால், முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு, கொப்புளம் உடையாத இடமாகப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

நெற்றியிலோ இமையிலோ வந்தால், குறிப்பாக மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால், அன்றைக்கே கண் மருத்துவர். காதுக்குள் கொப்புளமும் வாய் கோணுவதும் சேர்ந்து வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இந்த இரண்டிலும், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடமும், புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருப்பவர்களிடமும், 72 மணி தாண்டியிருந்தாலும் மருந்து தொடங்குவார்கள்.

இந்த வழியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. மாத்திரை கொப்புளத்தையும் தொடக்க வலியையும் சீக்கிரம் தணிக்கிறது. மாதக்கணக்கான பின்வலியை அது தடுக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

நிலவேம்பு, மஞ்சள், வைட்டமின், லைசின் மாத்திரை என்று சொல்லப்படுபவை எதுவும் அக்கியைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எப்படியும் நல்லது. அதையே அக்கித் தடுப்பாகக் கணக்கு வைக்க முடியாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஷிங்ரிக்ஸ் | உயிருள்ள ஊசி | தினசரி மாத்திரை | 72 மணித் தயார்நிலை |
|---|---|---|---|---|
| அக்கியைத் தடுப்பது | 70 முதல் 97 விழுக்காடு | பாதியளவு, முதியவர்களுக்குக் குறைவு | எடுக்கும்வரை | இல்லை |
| நிலைக்கும் காலம் | 10 ஆண்டுக்கு மேல் | சில ஆண்டு | நிறுத்தும்வரை | பொருந்தாது |
| பின்வலி | பெரிதும் குறையும் | ஓரளவு குறையும் | எடுக்கும்வரை குறையும் | உறுதியில்லை |
| எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் | போடலாம், போட வேண்டும் | கூடாது | மருத்துவர் முடிவு | மிகவும் அவசியம் |
| மறைந்திருக்கும் செலவு | இரண்டு நாள் காய்ச்சல், இரண்டாம் டோஸ் | பிறகு ஷிங்ரிக்ஸும் போட வேண்டிவரும் | தொடர் ரத்தப் பரிசோதனை | தாமதமானால் பலன் போய்விடும் |

## யாருக்கு எது?

வீட்டில் ஒருவருக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால், வயதில் மூத்தவருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். 72 வயது, ஆனால் மாத்திரை எதுவும் இல்லாமல் நடமாடும் அப்பாவைவிட, மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் எடுக்கும் 58 வயது அம்மாவுக்குத்தான் முதல் ஊசி.

எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்றால், தொடங்கும் முன்பே ஊசியைப் பற்றிக் கேளுங்கள். மருந்து ஏறிய பிறகு போட்டால் உடம்பு அவ்வளவாக எதிர்ப்பை உருவாக்காது. நோய் காத்திருக்காது என்று மருத்துவர் சொன்னால், ஊசிக்காகச் சிகிச்சையைத் தள்ளவும் வேண்டாம்.

60 வயதைத் தாண்டி, வருமானம் இடம் கொடுத்தால் ஷிங்ரிக்ஸ். கேள்வி கேட்டவரின் 67 வயது அம்மாவுக்கும் இதே பதில்தான்: போடலாம். கடன் வாங்கிப் போட வேண்டிய நிலை என்றால், சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள் தவறாமல் போகட்டும், அக்கிக்கு 72 மணித் தயார்நிலை போதும். 50களில் நல்ல உடம்போடு இருப்பவர் இப்போதே போடலாம், 60 வரை தள்ளிவைத்தாலும் பெரிய தவறில்லை. 50க்குக் கீழே, எதிர்ப்புச் சக்தியில் குறையில்லாதவருக்குத் தேவையில்லை.

ஏற்கெனவே அக்கி வந்தவரும் போட்டுக்கொள்ளலாம். மறுபடி வராது என்பதற்கு உறுதியில்லை. புண் முழுதும் ஆறிய பிறகுதான் போட வேண்டும். சில நாடுகளில் ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். சின்னம்மை வந்தது நினைவில்லை என்பது தடையல்ல, அதற்காக ரத்தப் பரிசோதனையும் வேண்டாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பிரிட்டனில் 65 வயதிலும் 70களிலும், ஆஸ்திரேலியாவில் 65 வயதிலிருந்தும் இது இலவசம், ஆனால் அந்நாட்டு மருத்துவத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு. விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு அது கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

## ஊசி போடும் நாளில்

மருந்துக்கடையில் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தெருக்கோடி கிளினிக்கில் போட்டுக்கொள்வது வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டிய மருந்து இது. உறைந்துபோனாலும் வீண். ஜெனரேட்டர் உள்ள, தடுப்பூசிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் வைத்திருக்கும் இடமாகப் பார்த்து அங்கேயே வாங்கிப் போடுங்கள்.

பெட்டிக்குள் இரண்டு குப்பி இருக்கும். ஒன்றில் வெள்ளைத் தூள், மற்றதில் திரவம். திரவத்தை ஊசியில் உறிஞ்சித் தூளில் கலந்து, மெதுவாக அசைத்துக் கரைத்த பிறகே போட வேண்டும். அவசரத்தில் திரவத்தை மட்டும் ஏற்றிவிடும் தவறு உலகெங்கும் நடந்திருக்கிறது. அப்படிப் போட்டால் அது டோஸே அல்ல. இரண்டு குப்பியையும் கலப்பதைக் கண்ணால் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கலந்ததை உடனே போட வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 6 மணிக்குள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளை அதே நாளில் மறு கையில் போடலாம். ஆனாலும் காய்ச்சல் எந்த ஊசியால் என்ற குழப்பம் வராமலிருக்க, வயதானவர்களுக்குத் தனித்தனி வாரத்தில் போடுவது வசதி. மறுநாள் கல்யாணம், பயணம் என்று எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

இரண்டாம் டோஸ் தேதியை அங்கேயே எழுதி வாங்குங்கள். நான்கு வாரத்துக்குள் அவசரப்பட்டுப் போட்டால் அது கணக்கில் சேராது, மறுபடி போட வேண்டிவரும். ஆறு மாதம் கடந்துபோயிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. எட்டு மாதமோ, ஒரு வருடமோ ஆகியிருந்தாலும், விட்டுப்போன அந்த ஒரு டோஸை மட்டும் போட்டால் போதும்.